பக்கத்து அறைக்குப் பதினாறாயிரம் கிலோமீற்றர்

முதலே சொல்லிவிடுகிறேன், இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கடல் வரும், தென்னை வரும், மீன் வரும், விலை விபரம் எல்லாம் வரும், அவசரப்படாதீர்கள். ஆனால் நடுவில் உங்களில் சிலருக்கு ஏச்சும் விழும். யார் யாருக்கு என்று வாசிக்கும்போது அவரவருக்கே தெரியும். பிறகு பரிஸ் நகரத் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் என்னைக் கண்டு தேத்தண்ணி வாங்கித் தந்து சமாதானம் பண்ணப் பார்க்காதீர்கள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டும் ஏசுவேன்.

புதிதாக வாசிக்க வருபவர்களுக்கு: நான் படித்தவன் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது. பரிசில் ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடைக் குசினியில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். லீவு கிடைத்தால் எங்கேயாவது போவேன், போனதை இங்கே எழுதுவேன். லூர்துக்குப் போய் எழுதியபோது பாதிப்பேர் அந்த ஹோட்டலின் இலக்கம் கேட்டு ரெலிபோன் எடுத்தீர்கள், மீதிப்பேர் மாதாவிடம் எனக்காக என்ன கேட்டாய் என்று கேட்டு எடுத்தீர்கள். இந்த முறை லூர்து இல்லை. பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் ஒரு தீவு. பிரான்சின் கொடி பறக்கிற தஹித்திப் பக்கத்துத் தீவுகளில் ஒன்று. பேரை எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த கிழமை அங்கே உள்ள ஆஸ்பத்திரியின் ரெலிபோன் இலக்கத்தையும் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

போன காரணம் என் தங்கச்சியின் மகள் சங்கவி. மருத்துவம் ஐந்தாம் வருஷம். பிள்ளைப்பேறு பார்க்கிற டொக்டராக வர வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அந்தத் தீவின் சின்ன ஆஸ்பத்திரியில் பத்துக் கிழமை ஸ்ராஜ், அதாவது வேலைப் பயிற்சி, செய்ய ஒரே ஒரு இடம் இருந்தது. இரண்டு வருஷம் எழுதிக் கேட்டு எடுத்தாள். முடிவில் அங்கே உள்ள பெரிய டொக்டர் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஸ்ராஜ் செல்லாது, அந்த வருஷமும் தேறாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க அந்தக் கையெழுத்துத்தான்.

தங்கச்சி அழுதாள். ஊர்ச் சனமும் சேர்ந்து அழுதது. "பொம்பிளைப்பிள்ளையைத் தனியத் தீவுக்கு அனுப்பிறியளோ?" என்று சேர்ச் வாசலில் கேட்டவர்கள் எத்தனை பேர்! தீவிலிருந்து வந்த சனம்தான் நாங்கள் எல்லோரும். கடைசியில் தங்கச்சி ஒரு நிபந்தனை போட்டாள். மாமா கூடப் போனால் போகலாம். மாமா நான்தான். எனக்கு நாலு கிழமை லீவு சேர்ந்திருந்தது. "மாமா, நீங்கள் என்னைப் பாக்க வாறியளோ, மீன் தின்ன வாறியளோ?" என்று சங்கவி கேட்டாள். "உன்னைப் பாக்கிறது வேலை நேரத்தில. மீன் ஓய்வு நேரத்தில" என்றேன்.

இனிப் பயண விபரம். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. லாச்சப்பலிலிருந்து கார் து நோர்ட் ஸ்ரேசனுக்கு நடந்தே போய் ரயில் எடுத்தோம், விமான நிலையத்துக்கு ஆளுக்குப் பதின்மூன்று யூரோ. பிளேன் ரிக்கற் போகவர 1,680 யூரோ. வழியில் அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலிஸில் இறங்கி ஏற வேண்டும். வெளியே போகாவிட்டாலும் அமெரிக்க அனுமதி இணையத்தில் எடுத்திருக்க வேண்டும், நாற்பது டொலர். அது பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு. அகதிப் பயணப் புத்தகம் வைத்திருப்பவர்கள் தூதரகத்துக்குப் போய் முறையான விசா எடுக்க வேண்டும், பல மாதம் முன்னாலேயே தொடங்குங்கள்.

பதினொன்றரை மணித்தியாலம் பறந்து, மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்று, திரும்ப எட்டரை மணித்தியாலம் பறந்தால் தஹித்தி. சனிக்கிழமை மதியம் ஏறினோம், சனிக்கிழமை இரவே இறங்கினோம். இடையில் ஒரு நாளை யாரோ திருப்பித் தந்தது போல இருந்தது. தங்கச்சி பெட்டிக்குள் ஒளித்து வைத்த கறிவேப்பிலையைச் சுங்கத்தில் எடுத்துவிட்டார்கள். இலை, விதை, பழம் எதுவும் கொண்டுபோகாதீர்கள். வறுத்து அரைத்த மிளகாய்த்தூளை மணந்து பார்த்து, தும்மி, திருப்பித் தந்தார்கள். அடுத்த நாள் சின்னப் பிளேனில் முக்கால் மணித்தியாலம். போகவர அந்த ஊர்க் காசில் முப்பத்தாறாயிரம் பிராங், கிட்டத்தட்ட முந்நூறு யூரோ.

சங்கவிக்கு ஆஸ்பத்திரி வளவுக்குள் ஒரு அறை. எனக்கு ஐந்து நிமிட நடையில் ஒரு குடும்பம் நடத்துகிற விடுதி, ஒரு இரவுக்கு 6,500 பிராங், அதாவது ஐம்பத்தைந்து யூரோ. காலமைச் சாப்பாட்டுக்குப் பாண் மலிவு. பச்சை மீனைத் தேசிக்காய்ப் புளியிலும் தேங்காய்ப்பாலிலும் ஊறப்போட்டுத் தருவார்கள், 1,800 பிராங். முதல் நாள் முகத்தைச் சுழித்தேன், மூன்றாம் நாள் இரண்டு தட்டுக் கேட்டேன். ஈரப்பலாக்காய் வீதியோரத்திலேயே காய்த்துத் தொங்குகிறது. விடுதிக்காரிக்கு எங்கள் தூள் போட்டு ஒரு கறி வைத்துக் கொடுத்தேன். கண்ணீர் விட்டபடி சாப்பிட்டுவிட்டு, நல்லது என்றாள்.

ஆஸ்பத்திரி ஒரு மாடிக் கட்டடம். முன்னால் நீளமான விறாந்தை. அந்த விறாந்தையைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. ஒரு நோயாளிக்கு ஆறு பேர் வந்து பாய் விரித்து இருக்கிறார்கள். சட்டியோடு சாப்பாடு வருகிறது. பாட்டு வேறு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுகிற அதே பாட்டு, அதே குரல், கூரை தூக்குகிற குரல். நானும் காலமையில் சங்கவிக்குப் பாணும் கோப்பியும் கொண்டுபோய் அந்த விறாந்தையில்தான் இருப்பேன். யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

அங்கே தெஹெயா என்று ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும், காதில் பூ, கையில் எப்போதும் ஒரு விசிறி. அவளுடைய வேலை என்ன தெரியுமோ? தூரத் தீவிலிருந்து படகில் வருகிற வயது போனவர்களுக்குப் பிரெஞ்சு சரியாக வராது. அவர்கள் பக்கத்தில் தெஹெயா கதிரை போட்டு இருப்பாள். அவர்கள் தங்கள் பாஷையில் சொல்வார்கள், அவள் டொக்டருக்குச் சொல்வாள். டொக்டர் பொறுத்திருந்து கேட்பார். அதுக்கு ஒரு ஆளை வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். நான் முதல் நாள் அதைப் பார்த்துச் சிரித்தேன். பிறகுதான் கோபம் வந்தது. ஏனென்று கடைசியில் சொல்கிறேன்.

பெரிய டொக்டர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, பிரான்சின் பிரித்தானிப் பக்கம். மெல்லிய உடம்பு, மெல்லிய குரல், சிரிப்பு இருந்தால் வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பார். காலமை எட்டு மணிக்கு நோயாளிகளைச் சுற்றிப் பார்ப்பார். சங்கவி பின்னால் போக வேண்டும், கேட்டதுக்குப் பதில் சொல்ல வேண்டும். நன்றாகத்தான் சொன்னாள்.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

சங்கவியின் ரெலிபோன் இலக்கம் லாச்சப்பலில் யாரிடம் இல்லை? தங்கச்சிதான் கொடுத்தாள், கலியாண வீடு, செத்த வீடு பாராமல் எல்லா இடத்திலும், கேக் துண்டு கொடுப்பது போல. பிள்ளை முதலாம் வருஷம் தேறிய நாளிலிருந்து அவள் "டொக்டர்". தோல் தடித்தால் படம் எடுத்து அனுப்புவது. இரத்தப் பரிசோதனைத் தாளை அனுப்பி, "இதில சிவப்பாக் கிடக்கிறது என்ன?" என்பது. குளிசை சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ என்பது. அது பெட்டியிலேயே எழுதிக் கிடக்கிறது! ஒருவர் மொட்டை விழுகிறது என்று உச்சந்தலையை நாலு பக்கத்தால் படம் எடுத்து அனுப்பினார். இன்னொருவர் வேலைக்குப் போகப் பஞ்சி, சுகயீன லீவுத் தாள் எழுதித் தருவாயா என்று கேட்டார். பசிபிக் சமுத்திரத்தில் நிற்கிற மாணவியிடம்!

அவள் பயணம் போனது எல்லோருக்கும் தெரியும். கேக் வெட்டித்தானே வழியனுப்பினீர்கள்? கோடைகாலத்தில் பரிசுக்கும் அங்கேக்கும் சரியாகப் பன்னிரண்டு மணித்தியாலம் வித்தியாசம். நீங்கள் மத்தியானம் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டு, வயிறு ஊதுகிறது என்று ரெலிபோன் எடுக்கும்போது அங்கே நடுச்சாமம். நீங்கள் இரவு எட்டு மணிக்கு ஆறுதலாக இருந்து எடுக்கும்போது அங்கே காலமை எட்டு, பெரிய டொக்டர் சுற்றிப் பார்க்கிற நேரம். இதைவிட நல்ல நேரம் பார்த்து எடுக்க உங்களால் முடியாது.

ரெலிபோனை நிற்பாட்டி வைக்கலாமே என்பீர்கள். வைத்தாளே. மூன்றாம் நாள் தங்கச்சி எனக்கு எடுத்து அழுகிறாள். "டொக்டராக வர முதலே தலைக்கனமாம் எண்டு கதைக்கினம் அண்ணை. எடுத்து ஒரு சொல்லுச் சொன்னால் என்ன குறைஞ்சு போயிடுவாளோ?" குறையவில்லை. நித்திரைதான் குறைந்தது.

முதல் கிழமை, நோயாளியின் கட்டில் பக்கத்தில் அவளுடைய பொக்கற் உறுமியது. பெரிய டொக்டர் திரும்பிப் பார்த்து, "ஒன்று" என்றார். அடுத்த கிழமை, விடிய விடிய மூன்று பேருக்குப் பதில் சொல்லிவிட்டுப் போய், நின்ற நிலையில் கண்ணயர்ந்து சுவரில் சாய்ந்தாள். "இரண்டு" என்றார். "மூன்று வந்தால் நான் கையெழுத்து வைக்க மாட்டேன். நீ கெட்டிக்காரி. ஆனால் நீ இங்கே இல்லை."

அன்றைக்குச் சங்கவி விறாந்தைக்கு வந்து பாணைத் தொடவே இல்லை. ரெலிபோனை என் மடியில் வைத்தாள். "மாமா, நான் உள்ளுக்கை நிக்கிற நேரம் நீங்கள் வைச்சிருங்கோ. ஆர் எடுத்தாலும் பிறகு எண்டு சொல்லுங்கோ."

எனக்கு அது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. "டொக்டர் ஒப்பரேசனில நிக்கிறா, நான் கொம்பவுண்டர்" என்று சொல்வேன். மொட்டைக்காரருக்குத் தொப்பி வாங்கச் சொன்னேன். லீவுத் தாள் கேட்டவரிடம் இங்கேயிருந்து தாள் கடலால் நீந்தித்தான் வரும் என்றேன். பகிடி விட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலமை வரைக்கும்.

அன்று எட்டு மணி கடந்து கொஞ்ச நேரம். றஞ்சி அக்கா. பரிசுக்குப் பக்கத்துச் சார்செலில் மாடிக் குடியிருப்பில் இருக்கிறார், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். புருஷன் சாப்பாட்டுக் கடையில் இரவு வேலை. ஒரே மகள் லீனா, சட்டம் படிக்கிறாள். கிழமையில் நாலு தரம் ரெலிபோன் எடுப்பதில் றஞ்சி அக்காதான் முதலிடம்.

"அக்கா, சொல்லுங்கோ. கொம்பவுண்டர் கதைக்கிறன்."

"தம்பியே? பிள்ளையைக் கூப்பிடு."

"பிள்ளை உள்ளுக்கை. என்ன, திரும்ப அந்தத் தடிப்போ? படம் அனுப்பிப் போடாதேங்கோ, நான் இன்னும் பாண் தின்னேல்லை."

"இல்லையடா. நெஞ்சுக்கை ஆரோ ஏறி இருக்கிற மாதிரிக் கிடக்கு. வாயுவெண்டு இஞ்சி அவிச்சுக் குடிச்சனான். கேக்கேல்லை. இடக்கை விறைக்குது."

அடுத்த பகிடி வாயில் இருந்தது. விழுங்கிவிட்டேன்.

"வேர்க்குதோ அக்கா?"

"சட்டை தொப்பமா நனைஞ்சிட்டுது."

"வீட்டில ஆர் நிக்கினம்?"

"அவர் வேலைக்குப் போட்டார். லீனா நிக்கிறாள், அறைக்கை."

"அறைக்கையோ? பக்கத்து அறைக்கையோ? அவளைக் கூப்பிடுங்கோ!"

"நாளைக்கு அவளுக்குச் சோதினை. கதவு பூட்டிப் படிக்கிறாள், குழப்பக் கூடாது. நீ சங்கவியைக் கூப்பிடு. என்ன குளிசை போடுறதெண்டு கேப்பம்."

நான் உள்ளே ஓடினேன். சங்கவி ஒரு கர்ப்பிணியின் வயிற்றை நாடாவால் அளந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் பெரிய டொக்டர். நான் வாசலில் நின்று ரெலிபோனைத் தூக்கிக் காட்டினேன். அவள் தலையை ஆட்டி, வேண்டாம் என்றாள். "றஞ்சி அன்ரி. நெஞ்சு. இடக்கை" என்றேன். அவள் டொக்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நாடாவை அந்தப் பெண்ணின் வயிற்றிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

விறாந்தையில் நின்று அவள் கதைத்தாள். "அன்ரி, எழும்ப வேண்டாம். நடக்க வேண்டாம். இருந்த இடத்தில இருங்கோ. லீனாவைக் கத்திக் கூப்பிடுங்கோ."

"ஏலாது பிள்ளை. மூச்சு முட்டுது. நீ குளிசையின்ரை பேரைச் சொல்லு, அவர் வரேக்கை வாங்கி வருவார்."

இதுக்கிடையில் நான் என்னுடைய ரெலிபோனில் அம்புலன்ஸ் இலக்கம் பதினைந்தை அமத்தினேன். பெரிய மூளைசாலி நான். ஒருத்தி எடுத்தாள். நெஞ்சு வருத்தம், பெண், ஐம்பத்தைந்து வயது என்று எனக்குத் தெரிந்த குசினிப் பிரெஞ்சில் சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டாள். சார்செல் என்றேன். "சார்செல் எந்தத் தீவில் இருக்கிறது, மிஸ்யூ?" என்றாள். அங்கே நின்று பதினைந்தை அமத்தினால் தஹித்தியில்தான் மணி அடிக்கும். இது உங்களுக்குப் பயணக் குறிப்பு. நான் அப்போது அதை வைத்துவிட்டு லீனாவின் இலக்கத்தைத் தேடினேன்.

லீனாவின் ரெலிபோனுக்கு எடுத்தோம். நிற்பாட்டி வைத்திருந்தாள், சோதனைக்குப் படிக்கிற நல்ல பிள்ளை. றஞ்சி அக்காவின் மூச்சு எங்களுக்குக் கேட்கிறது. அவருக்கும் லீனாவுக்கும் நடுவில் ஒரு மட்டைச் சுவர். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் பாதி உலகம்.

"அன்ரி, ஸ்பீக்கரில போட்டு அந்தச் சுவர்ப் பக்கம் பிடியுங்கோ" என்றாள் சங்கவி. "மாமா, கத்துங்கோ."

கத்தினேன். "லீனா! லீனா!" விறாந்தை முழுக்க எழும்பிப் பார்த்தது. தெஹெயா விசிறியோடு ஓடி வந்தாள். யார் லீனா என்று கேட்டாள். மகள், பக்கத்து அறையில், தாய்க்கு நெஞ்சு என்று சங்கவி சொன்னாள். தெஹெயா விறாந்தையில் இருந்தவர்களுக்குத் தன் பாஷையில் இரண்டு சொல்லுச் சொன்னாள். பாயில் இருந்தவர்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், கைப்பிள்ளைக்காரி, எல்லோரும் ரெலிபோனைச் சுற்றி வந்தார்கள். தெஹெயா விசிறியைத் தூக்கி இறக்கினாள்.

"லீ... னா!"

சொன்னேனே, கூரை தூக்குகிற குரல் என்று. இரண்டாம் தரம் கத்தும்போது ஆஸ்பத்திரிக் கண்ணாடி அதிர்ந்தது. மூன்றாம் தரம் அந்தப் பக்கம் ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "சே குவா, மமோன், என்ன சத்தம்...?" பிறகு அந்தப் பிள்ளையின் குரல் மாறியது. "அம்மா! அம்மா!"

அதுக்குப் பிறகு சங்கவி பிரெஞ்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னாள். லீனா தன் ரெலிபோனைப் போட்டுப் பதினைந்துக்கு எடுத்தாள். அங்கே இருந்தவர்கள் சொல்லச் சொல்ல லீனா செய்தாள். கால் மணித்தியாலத்துக்குள் அம்புலன்ஸ்காரர்கள் வீட்டுக்குள் வந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. மாரடைப்புத்தான். அன்றிரவே குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள். ஆள் தப்பிவிட்டார். அம்புலன்ஸ்காரரின் சத்தம் கேட்டதுமே விறாந்தையில் எல்லோரும் கை தட்டினார்கள், ஒரு கிழவர் என்னைக் கட்டிப் பிடித்தார்.

திரும்பிப் பார்த்தால் வாசலில் பெரிய டொக்டர்.

"கச்சேரி முடிந்ததா?"

அவர் பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். சங்கவியைப் பார்த்துச் சொன்னார்: "நீ ஓடினது எனக்கு விளங்குகிறது. ஆனால் உள்ளே ஒருத்தி வயிற்றில் நாடாவோடு படுத்திருக்கிறாள். அவள் நாலு மணித்தியாலம் படகில் வந்தவள். தன் பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டது, அதனால்தான் நீ ஓடினாய் என்று நினைத்து அழுதுகொண்டிருக்கிறாள். உன்னுடைய நோயாளி யார்?"

சங்கவிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இது மூன்று" என்றார் டொக்டர்.

எனக்கு வந்த கோபத்தை எழுத என்னிடம் எழுத்து இல்லை. அந்த மனுசியில் கோபம் என்றால் சுகமாக இருந்திருக்கும். அவர் சொன்னது சரி. அதுதான் கோபம். உள்ளே அழுகிற கர்ப்பிணியை யார் அழ வைத்தது? நான், நீங்கள், மொட்டைத் தலைக்காரர், இஞ்சி அவித்துக் குடித்த றஞ்சி அக்கா. இரண்டு வருஷம் கேட்டு எடுத்த இடத்தை அந்தப் பிள்ளையின் கையிலிருந்து நாங்கள் எல்லோரும் சேர்ந்து பிடுங்கினோம், அன்பாக.

நான் அவருக்குப் பின்னால் போனேன். "மதாம், பிழை அவளில் இல்லை. எங்கட ஆக்களில" என்றேன்.

"உங்கள் ஆட்கள் என்றால் எத்தனை பேர்?"

"கலியாண வீட்டுக்கு நானூறு பேர் வருவினம், மதாம்."

அவர் என்னை மேலிருந்து கீழ் பார்த்தார். "நீங்கள் டொக்டரா?"

"இல்லை மதாம். குசினி."

"அப்படியென்றால் அந்த நானூறு பேரையும் நீங்களே பாருங்கள். அந்த ரெலிபோன் இந்தத் தீவில் இருக்கக் கூடாது. கையெழுத்தைக் கடைசி நாளில் யோசிக்கிறேன்."

நான் இரண்டு நாள் முன்னதாகவே பயணத்தை மாற்றினேன், தொண்ணூறு யூரோ. சங்கவியின் ரெலிபோனை என் சட்டைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். அவளுக்கு அங்கே புது இலக்கம் வாங்கிக் கொடுத்தேன். அது எனக்கும் தங்கச்சிக்கும் மட்டும் தெரியும். கொடுத்தால் அண்ணன் உறவு முடிந்தது என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். வெளிக்கிடும்போது சங்கவி, "மாமா, அன்ரிக்கு நான் எடுக்காமல் விட்டிருந்தால்?" என்று கேட்டாள். பொக்கற்றில் கிடந்த ரெலிபோனை ஒருக்காத் தடவிப் பார்த்துவிட்டுப் பிளேன் ஏறினேன்.

பரிசுக்கு வந்த பிறகு லீனா என்னைத் தேடி லாச்சப்பலுக்கு வந்தாள். அடுத்த நாள் சோதனையை அவள் எழுதவில்லை, செப்தெம்பரில் திரும்ப எழுத வேண்டும். அதுக்கு றஞ்சி அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அழுதாராம், நெஞ்சுக்கு அழவில்லை. லீனா கோப்பியைக் கலக்கியபடி, பிரெஞ்சும் தமிழுமாகச் சொன்னாள்: "மாமா, நான் பக்கத்திலதானே இருந்தனான். ஏன் என்னட்டைச் சொல்லேல்லை? நான் பிரெஞ்சில மறுமொழி சொல்லுறன் எண்டு அம்மா எனக்குத் தமிழ் விளங்காது எண்டு நினைக்கிறா. எனக்கு விளங்கும் மாமா. நெஞ்சு நோகுது எண்டால் எனக்கு விளங்கும்."

இப்போது தெஹெயாவைப் பார்த்து எனக்கு ஏன் கோபம் வந்தது என்று சொல்கிறேன். அத்தனை சின்னத் தீவில், தன் பாஷையில் வருத்தத்தைச் சொல்ல ஒரு மனிதருக்கு ஒரு கதிரையும் ஒரு ஆளும் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு கதிரை கிடைத்ததில்லை. டொக்டர் என்ன கேட்டாலும் "உவி, உவி" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, மருந்துப் பெட்டியைப் பார்த்து முழித்தவன் நான். அதனால்தான் சங்கவியைப் பிடித்துத் தொங்குகிறோம். தமிழில் கேட்கிற ஒரு டொக்டர் வேண்டும் எங்களுக்கு. அந்த ஆசையில் பிழை இல்லை. அதை ஒரு இருபத்துமூன்று வயதுப் பிள்ளையின் தலையில் நானூறு பேரும் ஏற்றியதுதான் பிழை.

பத்துக் கிழமை முடிந்து போன மாதம் சங்கவி வந்தாள். கையெழுத்து விழுந்தது. கீழே பெரிய டொக்டர் ஒரு வரியும் எழுதியிருந்தாராம்: "கடைசி ஆறு கிழமையும் இவர் இங்கே இருந்தார்." அந்த நாடாப் பெண் ஆண்பிள்ளை பெற்றாள், பிடித்து எடுத்தது சங்கவிதான்.

இனிப் போகப் போகிறவர்களுக்கு. பிள்ளை ஸ்ராஜுக்குப் போனால் ஒரு கிழமைக்கு மேல் கூட நிற்காதீர்கள், அவர்களுக்கு நாங்கள் தேவையில்லை. ஜூன் ஜூலையில் வெயில் அளவாக இருக்கும், நுளம்பு கடிக்கும், மருந்து கொண்டுபோங்கள். பழைய இலக்கத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பிரான்சில் நெஞ்சு அமத்தினால் பதினைந்து. நூற்றுப்பன்னிரண்டும் வேலை செய்யும். சொல்ல வேண்டியது இதுதான், பாடமாக்குங்கள்: "ஜெ மால் ஆ லா புவாத்ரின்." நெஞ்சு நோகுது என்று அர்த்தம். பிறகு விலாசம். இலக்கணம் கேட்டு யாரும் அம்புலன்சை நிற்பாட்ட மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் தமிழுக்கு ஆள் வேண்டும் என்று வாய் திறந்து கேளுங்கள், சில இடங்களில் ரெலிபோனிலாவது பிடித்துத் தருவார்கள். கேட்க வெட்கப்பட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதுக்கும் முதல் அவர்களிடம் சொல்லுங்கள்.

சங்கவியின் பழைய ரெலிபோன் இன்னும் என் பொக்கற்றில்தான். போன வியாழன் ரூ பஜோல் வீதியில் நடந்துகொண்டிருக்கும்போது அடித்தது. றஞ்சி அக்கா. ஆஸ்பத்திரியால் வந்து, ஆள் நல்ல சுகம்.

"தம்பி, சங்கவி வந்திட்டாளாமே? நெஞ்சு டொக்டர் ஒரு புதுக் குளிசை தந்தவர். பெட்டிக்கை பிரெஞ்சில பெரிய தாள் ஒண்டு கிடக்கு. ஒருக்கா அவளிட்டைக் குடு, வாசிச்சுச் சொல்லட்டும்."

நடுவீதியில் நின்றேன். "அக்கா, லீனா எங்கை?"

"அறைக்கை. செப்தெம்பர் சோதினைக்குப் படிக்கிறாள். குழப்பக்..."

"அக்கா. இப்ப நடக்கலாம்தானே? டொக்டர் நடக்கச் சொன்னவர்தானே?"

"ஓம்."

"எழும்புங்கோ. தாளையும் எடுங்கோ. நடவுங்கோ. கதவைத் தட்டுங்கோ. நான் இதிலை நிக்கிறன், தட்டுற சத்தம் எனக்குக் கேக்க வேணும். கேக்கேல்லையெண்டால் அந்த விறாந்தைச் சனத்தைத் திரும்பக் கூப்பிடுவன்."

செருப்புச் சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்றது. பிறகு, பயந்து பயந்து, இரண்டு தட்டு.